அயலவர்கள் விலை கொடுத்து வாங்கிய காடு

வன்னியில் எங்கள் வீட்டுக் காணியின் பின்பக்கத்தில் ஒரு சிறு காடு இருக்கிறது. பாலை, வீரை, இரண்டு நாவல் மரங்கள், நடுவில் மாரியில் மட்டும் தண்ணீர் நிற்கும் ஒரு பள்ளம். 2010இல் நாங்கள் மீள்குடியேற வந்தபோது காணி முழுவதுமே பற்றையாகத்தான் கிடந்தது. முன்பாதியைத் துப்புரவாக்கிக் கொட்டில் போட்டோம். பின்பாதியை அப்படியே விட்டோம். அயலில் உள்ள நான்கு குடும்பங்களும் அவ்வாறே செய்தன. காற்றுக்கு, விறகுக்கு, ஆடு கட்ட, வெயிலில் ஒதுங்க என்று அது எல்லோருக்கும் பயன்பட்டது. சில வருடங்களின் பின்னர் ஒருநாள் பார்த்தால் அதற்குள் எல்லைக்கற்கள் நடப்பட்டிருந்தன. காடு பாதுகாக்கப்பட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அதுவரை அதைப் பாதுகாத்தவர்கள் யார் என்று எவரும் கேட்கவில்லை.

அதனால் 'காடு பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வருகிறது. எங்கள் ஊர்களில் பலருக்கும் அப்படித்தான். அந்தச் சந்தேகத்தோடுதான் ஜப்பானில் ஓர் ஊர் மக்கள் காசு சேர்த்துத் தங்கள் காட்டைத் துண்டு துண்டாக வாங்கிய கதையைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் 'மை நெய்பர் டொடோரோ' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை விடுதி அறையில் மடிக்கணினியில் பார்த்திருந்தேன். அந்தப் படத்தின் பெயரிலேயே ஒரு காடு வாங்கப்பட்டிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நகரத்தின் விளிம்பில் ஒரு குன்று

டோக்கியோவின் மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் சயாமா குன்றுகள் இருக்கின்றன. டோக்கியோ பெருநகருக்கும் சைத்தாமா மாகாணத்துக்கும் இடையில், கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் தாழ்வான குன்றுத்தொடர் அது. பரப்பளவு சுமார் 3,500 ஹெக்டேயர். சுற்றிலும் நகரங்கள் நெருக்கி நிற்க, நடுவில் பச்சையாக ஒரு தீவு போலத் தெரியும்.

இது மனிதர் கால் படாத வனம் அல்ல. ஜப்பானியர்கள் 'சத்தோயாமா' என்று அழைக்கும் ஊர்க்காடு. வயலுக்கும் வீட்டுக்கும் பின்னால் இருக்கும் இந்தக் காட்டில் ஓக் வகை மரங்களைப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு வெட்டி விறகும் கரியும் எடுப்பார்கள். வெட்டிய அடிமரத்திலிருந்து மீண்டும் தளிர் வரும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளி வயலுக்கும் தேயிலைக்கும் பசளையாக்குவார்கள். இப்படி மனிதர்கள் புழங்கியதால்தான் வெளிச்சம் தரைக்கு விழுந்தது; பூக்களும் பூச்சிகளும் பெருகின. குன்றுகளின் இடையே உள்ள ஈரமான பள்ளங்களில் நெல் விதைத்தார்கள். டோக்கியோ சலமாண்டர் என்ற சிறிய நீர்நில உயிரி அந்த ஈரத்தை நம்பித்தான் வாழ்கிறது.

குன்றுகளின் நடுவில் இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. டோக்கியோவின் குடிநீருக்காக 1920களிலும் 1934இலும் கட்டி முடிக்கப்பட்டவை. அவற்றைச் சூழ்ந்த காடு நீர் காக்கும் நிலமாக வேலியிடப்பட்டதால் இன்றும் அடர்ந்து நிற்கிறது. ஆனால் அந்த நீருக்கு அடியில் கிராமங்கள் இருந்தன. அங்கிருந்த குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. ஒரு தலைநகருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக ஊர்கள் எழுப்பப்பட்டதை எங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சயாமாவின் காடும் இப்படியொரு இழப்பின் மேல்தான் நிற்கிறது என்பதை மறக்காமல் மிகுதிக் கதைக்கு வருவோம்.

காட்டை விற்றது யார்?

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் டோக்கியோ வேகமாக வீங்கியது. 1960களில் எரிவாயுவும் எண்ணெயும் வந்தபோது விறகுக்கும் கரிக்கும் தேவை இல்லாமல் போனது. செயற்கைப் பசளை வந்தபோது இலைப்பசளையும் தேவையற்றதானது. ஊர்க்காடு அதன் சொந்தக்காரருக்கு வருமானம் தராத காணியாகிவிட்டது. மறுபக்கம் அதே காணிக்கு வீட்டுமனை விலை ஏறிக்கொண்டே போனது. 1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் காணி விலைகள் வெறிபிடித்ததுபோல் உயர்ந்தன.

இதற்கு மேல் ஒரு வரி. காணிச் சொந்தக்காரர் இறந்தால் பிள்ளைகள் மரபுரிமை வரி கட்ட வேண்டும். பெருநகருக்கு அருகில் இருக்கும் காணி என்பதால் வரியும் பெரிது. விவசாயக் குடும்பம் ஒன்றிடம் அந்தளவு பணம் கையில் இருப்பதில்லை. காட்டுத்துண்டை விற்றுத்தான் வரியைக் கட்ட முடியும். வாங்குவதற்குக் காணி அபிவிருத்தி நிறுவனம் தயாராக நிற்கும். காடுகள் அழிந்ததற்குப் பேராசை மட்டும் காரணமல்ல. ஒரு செத்தவீட்டுக்குப் பின்னர் வரும் வரிக் கடிதமும் காரணம். வாங்கிக் காப்பாற்றும் யோசனை அங்கே எடுபட்டதற்கும் இதுவே காரணம். எப்படியும் விற்கத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு, காட்டைக் காடாகவே வைத்திருக்கும் ஒருவர் வாங்க வந்தால் அது ஆறுதல்.

1980களில் குன்றுகளின் ஒரு பகுதியில் வசேதா பல்கலைக்கழகத்தின் புதிய வளாகத்துக்குத் திட்டம் வந்தபோது அப்பகுதி மக்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். வளாகம் கட்டப்பட்டு 1987இல் திறக்கப்பட்டது. ஆனால் அந்த எதிர்ப்பின்போது ஒருவரையொருவர் அறிந்துகொண்டவர்கள் கலைந்து போகவில்லை. எதிர்ப்பதோடு நில்லாமல் வாங்குவது என்ற முடிவுக்கு அவர்கள் நகர்ந்தார்கள்.

முன்னுதாரணங்கள்

இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. பொதுமக்கள் பணத்தில் இடங்களை வாங்கி என்றென்றைக்குமாக வைத்திருக்கும் 'நஷனல் டிரஸ்ட்' இங்கிலாந்தில் 1895இல் தொடங்கியது. ஜப்பானில் அதற்கு முதல் வடிவம் கொடுத்தது கமகுரா என்ற பழைய நகரம். 1964இல் அங்குள்ள புகழ்பெற்ற ட்சுருகஒகா ஹச்சிமன் ஆலயத்தின் பின்னால் உள்ள மலைக்காட்டில் வீட்டுமனைத் திட்டம் வந்தது. அயலவர்கள் புல்டோசருக்கு முன்னால் நின்றார்கள். அதே ஆண்டின் இறுதியில் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்துக் காசு சேர்த்தார்கள். அந்த ஊரில் வாழ்ந்த எழுத்தாளர் ஒசராகி ஜிரோ பத்திரிகையில் எழுதி இங்கிலாந்தின் முறையை ஜப்பானியருக்கு அறிமுகப்படுத்தினார். 1966இல் ஏறத்தாழ 1.5 ஹெக்டேயர் காடு வாங்கப்பட்டது. மக்கள் கொடுத்த பணத்தோடு மாகாணமும் நகரசபையும் பங்களித்தன. அதே ஆண்டில் பழைய தலைநகரங்களின் சூழலைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது.

அடுத்தது வக்கயாமா மாகாணத்தில் தெஞ்சின்சாக்கி என்ற கடலோர முனை. 1974இல் அங்கே ஓய்வில்லங்கள் கட்டும் திட்டம் தெரியவந்தது. ஓர் உயர்தரப் பள்ளி ஆசிரியர் உட்பட ஊர்க்காரர்கள் முதலில் கையெழுத்துச் சேகரித்தார்கள். கையெழுத்து மட்டும் காணியைக் காப்பாற்றாது என்று தெரிந்ததும் காசு சேர்த்தார்கள். 1976 முதல் துண்டு துண்டாக வாங்கினார்கள். கரைக்காடு போனால் கடலின் உயிர்களும் போகும் என்பதுதான் அவர்கள் ஊரவருக்குச் சொன்ன காரணம்.

சயாமாவின் மக்களுக்கு முன்னால் இந்த இரண்டு பாடங்களும் இருந்தன: எதிர்ப்பு காலத்தை வாங்கித் தரும், உறுதி மட்டுமே காணியை வாங்கித் தரும்.

ஐந்து பரப்புக்கும் குறைவான தொடக்கம்

'மை நெய்பர் டொடோரோ' 1988 ஏப்ரலில் வெளியானது. அதன் இயக்குநர் ஹயாவோ மியசாக்கி சயாமா குன்றுகளின் அடிவாரத்தில் உள்ள தொகொரொசவா நகரில் வாழ்பவர். படத்தில் வரும் ஊர்க்காட்டுக்கு அந்தச் சுற்றுவட்டாரமும் ஒரு மூலம். நோயுற்ற தாயை நினைத்துக்கொண்டு புது ஊருக்கு வரும் இரண்டு சிறுமிகளுக்கு, வீட்டருகே உள்ள காட்டில் வாழும் டொடோரோ என்ற பெரிய உயிரி துணையாகிறது. கதை அவ்வளவுதான்.

1990இல் அயலவர்கள் ஒரு நிதியத்தைத் தொடங்கியபோது, மியசாக்கியின் சம்மதத்தோடு அதற்கு டொடோரோவின் பெயரை வைத்தார்கள்: 'டொடோரோவின் பிறந்தகம்' நிதியம். படம் பார்த்தவர்கள் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் காசு அனுப்பினார்கள். 1991 ஓகஸ்டில் முதல் துண்டு வாங்கப்பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 1,183 சதுர மீற்றர். யாழ்ப்பாணக் கணக்கில் ஐந்து பரப்புக்கும் குறைவு. அதற்கு 'டொடோரோவின் காடு - இலக்கம் 1' என்று பெயரிட்டார்கள்.

அந்த எண்தான் எனக்குப் பிடித்தது. 'இலக்கம் 1' என்று எழுதிய கணத்திலேயே இரண்டாவது வரும் என்று சொல்லிவிட்டார்கள். 3,500 ஹெக்டேயரில் ஐந்து பரப்பு ஒரு கணக்கே அல்ல என்று எவரும் சிரித்திருக்கலாம். இன்று இலக்கங்கள் அறுபதைக் கடந்துவிட்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேலான வேலை அது. ஒவ்வொரு துண்டும் சிறியது. பல துண்டுகள் ஒன்றோடொன்று தொடாதவை. ஆனால் குன்றின் நடுவில் ஒரு துண்டு விற்பனைக்கு இல்லை என்றால், அதைச் சுற்றிப் பெரிய திட்டம் போடுவதும் கடினமாகிவிடும்.

பணம் எப்படி வந்தது, காணி யாருடையது

காசு கொடுத்தவர் எவருக்கும் காணியில் பங்கில்லை. கொடுத்த காசு நிதியத்துக்கு; காணியின் உரித்து அறக்கட்டளையின் பெயரில். 1998இல் நிதியம் சட்டபூர்வ அறக்கட்டளையாகப் பதிவானது. இது சின்ன விடயம் போலத் தோன்றும். ஆனால் பொதுக் காசில் வாங்கும் எந்தச் சொத்துக்கும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தனிநபர் ஒருவரின் பெயரில் வாங்கினால் அவர் இறந்ததும் அது பிள்ளைகளின் சொத்து. அதே மரபுரிமை வரி மீண்டும் வரும். அறக்கட்டளை இறப்பதில்லை.

2004இல் அறக்கட்டளை நூறாண்டு கடந்த ஒரு விவசாயி வீட்டை வாங்கி அதற்கு 'குரொசுக்கேயின் வீடு' என்று பெயரிட்டது. அந்தப் பெயரும் படத்தில் வரும் கரிப்பொடி உருண்டைகளை நினைவூட்டுவது. 2008இல் அமெரிக்காவின் பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தில் வேலை செய்த சில ஓவியர்கள் உலகெங்கும் இருந்து 200க்கும் மேற்பட்ட கலைஞர்களிடம் ஓவியங்கள் பெற்று ஏலம் விட்டார்கள். சுமார் இரண்டு இலட்சம் டொலர் இந்தக் காட்டுக்காகச் சேர்ந்தது.

மிக அண்மையில், 2023இல், நகரசபையே களத்தில் இறங்கியது. தொகொரொசவா நகரம் சுமார் 3.5 ஹெக்டேயர் காட்டை 2.6 பில்லியன் யென் செலவில் வாங்கிப் பாதுகாக்கத் திட்டமிட்டது. அதில் 25 மில்லியன் யென்னை மக்களிடம் கேட்டது. 25,000 யென் கொடுத்த ஆயிரம் பேருக்குப் படத்தின் பின்னணி ஓவியங்களின் அச்சுப்பிரதிகளை கிப்லி கலையகம் வழங்கியது. கணக்கைப் பாருங்கள்: மக்கள் கொடுத்தது மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று மட்டுமே. ஆனால் அந்த நூற்றுக்கு ஒன்றுக்குப் பின்னால் முப்பது ஆண்டுகள் அயலவர்கள் செய்த வேலை இருக்கிறது. அது இல்லாவிட்டால் மிச்சம் தொண்ணூற்றொன்பதை ஒதுக்கும் துணிவு எந்த நகரசபைக்கும் வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

வாங்கிய பிறகுதான் வேலை

காணியை வாங்கி வேலி போட்டுவிட்டுப் போவதல்ல இவர்களின் பாதுகாப்பு. ஊர்க்காட்டை வெட்டாமல் விட்டால் நிலத்தை மூங்கில் புல் மூடிவிடும். வெளிச்சம் இல்லாமல் சிறு செடிகள் சாகும். முதிர்ந்து பருத்த ஓக் மரங்களை, ஒரு வண்டினம் கொண்டுவரும் பூஞ்சை எளிதில் கொல்கிறது. பழைய வழக்கப்படி காலத்துக்குக் காலம் வெட்டப்பட்டிருந்தால் அவ்வளவு பருத்திருக்காது. எனவே தொண்டர்கள் புல் வெட்டுகிறார்கள், இலை கூட்டுகிறார்கள், சில மரங்களை வெட்டி மீண்டும் தளிர்க்க விடுகிறார்கள், களவாகக் கொட்டப்பட்ட குப்பையை அள்ளுகிறார்கள். காட்டுக்குள் எவரும் நடந்து போகலாம்.

அருகில் யனசே ஆற்றங்கரையில் ஃபுச்சி என்ற இன்னொரு சிறு காடு இருக்கிறது. 1990களில் அதற்கும் வீட்டுமனைத் திட்டம் வந்தது. அயலவர்கள் எழுந்தார்கள், மியசாக்கி தன் கையிலிருந்து பெருந்தொகை கொடுத்தார், காடு நின்றது. அந்த அயலவர் அமைப்பின் தலைவர் அவரே. ஒஸ்கார் வாங்கிய இயக்குநர் அயலவர்களோடு சேர்ந்து அந்தக் காட்டைத் துப்புரவு செய்ய வருவார்.

எங்கள் பக்கம் திரும்பினால்

இதை அப்படியே எடுத்து வடக்குக்கும் கிழக்குக்கும் பொருத்த முடியாது. ஜப்பானில் அந்தக் காடு தனியார் காணி. விற்பவருக்கு உறுதி இருந்தது; வாங்குபவர் பெயருக்கு உறுதி மாறியது. இலங்கையில் மொத்த நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் அரச காணி. வன்னியில் எங்கள் குடும்பத்தைப் போன்ற ஆயிரக்கணக்கானோரின் கையில் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப்பத்திரம். அதை விரும்பியபடி விற்கவோ ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைக்கவோ முடியாது. உறுதிக் காணி உள்ளவர்களிலும் எத்தனையோ பேர் இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள்.

2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்று அது சொன்னது. எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கம் வர்த்தமானியை மீளப்பெற்றது. அந்த மூன்று மாதங்களில் கொழும்பிலும் கனடாவிலும் தமிழகத்திலும் எத்தனை வீடுகளில் பழைய பெட்டிகள் திறக்கப்பட்டிருக்கும்!

ஆனாலும் சயாமாவிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில இருக்கின்றன. அயலவருக்கும் காணிக்கும் உள்ள தொடர்பு எங்களுக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, காணி விற்பவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளிக்கும், காணியை ஈடாக வைத்திருக்கும் எல்லைக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்றது. 1947இன் சட்டம் இந்த உரிமையைப் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் மட்டும் என்று சுருக்கியது. விற்பதற்கு முன் பக்கத்து வளவுக்காரரிடம் ஒரு சொல் கேட்கும் பழக்கம் மட்டும் சில ஊர்களில் இன்னும் மிச்சமிருக்கிறது.

குடாநாட்டில் உறுதிக் காணிகள் உண்டு. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, மரம் மூடிக் கிடக்கும் வளவுகள் உண்டு. குளத்தங்கரைகளில், பனங்கூடல்களில், கோயில் தோப்புகளில் எல்லோரும் புழங்கும் மரநிழல் உண்டு. அவற்றைத் தனிப்பெயரில் வைக்காமல் பொதுப்பெயரில் வைப்பதற்கு 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. புலம்பெயர்ந்தவர்கள் கோயில் கோபுரத்துக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் காசு அனுப்பிப் பழக்கப்பட்டவர்கள். ஐந்து பரப்புத் தோப்பு ஒன்றுக்கு அனுப்பச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கான முக்கிய விடயம் இன்னொன்று. காடு பாதுகாப்பு என்றால் மக்களை வெளியே நிறுத்துவது என்றுதான் எங்களுக்குக் காட்டப்பட்டிருக்கிறது. அயலவர்கள் உள்ளே நின்று, வெட்டியும் கூட்டியும் பொறுக்கியும் ஒரு காட்டைக் காக்க முடியும் என்பதற்கு சயாமா அறுபதுக்கும் மேற்பட்ட சாட்சிகளை வைத்திருக்கிறது. அடுத்த முறை ஒரு பிரதேச செயலகக் கூட்டத்தில் 'மக்கள் இருந்தால் காடு அழியும்' என்று யாராவது சொன்னால், எழுந்து நின்று சொல்ல ஓர் உதாரணம் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அவையளிட்ட உறுதி இருந்தது பிள்ளை. எங்களிட்ட என்ன கிடக்கு?" என்றார். 2009இல் மாத்தளன் வரைக்கும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோய் அவர் திரும்பக் கொண்டுவந்த அனுமதிப்பத்திரத்தை நினைவூட்டினேன். "அது கிடக்கு. முன்பாதிக்கு அது காணும் எண்டு சொல்லுகினம்," என்றார். பின்பாதியைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை. நாவல் பழுத்துவிட்டதாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லைக்கல்லின் மேல் ஏறி நின்று பொறுக்குகிறார்களாம்.